மணல் மூட்டை அடுக்குனா வீட்டுக்குள்ள தண்ணி வராதா?

கேள்வி இதுதான்: வேளச்சேரில தரைத்தளத்துல சொந்த வீடு, 800 சதுர அடி, மாடியில ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்காங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ ஹால்ல முழங்காலுக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் தண்ணி, மூணு நாள் வடியல. இந்த வருஷம் முன்னாடியே மணல் மூட்டை அடுக்கிடலாமா, இல்ல ஆன்லைன்ல வர்ற ஜெல் பை, ஃப்ளட் கேட் மாதிரி ஏதாவது வாங்கலாமா, எதுல காசு போடுறது. நான் தென்சென்னைல கட்டட வேலை பாக்குறவன், மழை முடிஞ்சதும் இந்த மாதிரி வீடுங்கள்ல இருந்துதான் முதல் போன் வரும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மூட்டை அடுக்கலாம். ஆனா அத மட்டும் அடுக்கிட்டு படுத்துடாதீங்க. ஏரி உடைப்பு எடுத்தா பொதுப்பணித்துறை ஆளுங்க மூட்டை போடுறத டிவில பாத்து பாத்து மூட்டைன்னா தண்ணி நின்னுடும்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. அங்க மூட்டைக்கு வேலையே வேற, ஓடுற தண்ணியோட வேகத்த உடைக்கணும், கரை அரிக்காம பாத்துக்கணும், முன்னாடி சவுக்குக் கட்டைய வரிசையா அடிச்சு முட்டுக் குடுத்துதான் போடுவாங்க, அதுல கொஞ்சம் கசிஞ்சா யாரும் கண்டுக்க மாட்டாங்க. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்புல கொள்ளிடம் அணையோட ஒன்பது மதகு உடைஞ்சப்போ மூட்டையும் பாறாங்கல்லும் போட்டுத்தான் தற்காலிகமா அடைச்சாங்க, அப்பவும் முழுசா சொட்டுத் தண்ணி போகாம நிறுத்தணும்ங்கிறது கணக்கே கிடையாது. நம்ம வீட்டுல அப்படியா, ஹால் டைல்ஸ் மேல அரை இன்ச் வந்தாலே சோபா, பீரோ, கதவு நிலை எல்லாம் போச்சு.

மூட்டை வரிசைய எவ்ளோ நல்லா அடுக்குனாலும் கசியும். மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவுல, மூட்டைக்கும் தரைக்கும் நடுவுல, மணலுக்குள்ள பூந்தும் கசியும். ரெண்டு மணி நேரம் பேஞ்சு வடிஞ்சுடுற ஏரியான்னா அந்தக் கசிவ மாப்பும் வாளியும் வெச்சே சமாளிச்சுடலாம். உங்க ஏரியா கதை தெரிஞ்சதுதானே, வேளச்சேரி தண்ணி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போயி அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்ல இறங்கி கோவளம் முட்டுக்காடு பக்கம் கடல்ல சேரணும், சதுப்பு நிலம் பாதிக்கு மேல கட்டடமா ஆகிப்போச்சு, கடல் மட்டம் ஏறி இருக்குற நேரத்துல முகத்துவாரமும் தண்ணிய வாங்காது, அதனால மழை விட்டு வெயில் அடிச்சாலும் தெருவுல தண்ணி அப்படியே நிக்கும். மூணு நாள் நிக்கிற தண்ணிக்கு எதிர்ல வெறும் மூட்டை வெச்சா கசிஞ்சு கசிஞ்சு கடைசில உள்ளயும் வெளியயும் ஒரே மட்டத்துக்கு வந்துடும். உங்க 800 சதுர அடில ஒரு இன்ச் தண்ணின்னா கிட்டத்தட்ட 1,900 லிட்டர், கேன் தண்ணி கணக்குல 95 கேன். அதனால எவ்ளோ உயரம் வரும்னு மட்டும் யோசிக்காம எத்தனை நாள் நிக்கும்னு சேத்து யோசிங்க, நான் கீழ சொல்றது எல்லாமே அந்த ஒரு விஷயத்த வெச்சுத்தான்.

எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு அளவு எடுக்கணும். மேஸ்திரிகிட்ட டியூப் லெவல் இருக்கும், அதான் தண்ணி ஊத்துன டிரான்ஸ்பரன்ட் டியூப், அத வெச்சு தெரு ரோடு மட்டம், கேட் கிட்ட மட்டம், வாசப்படி மட்டம், ஹால் தரை மட்டம், டாய்லெட் தரை மட்டம், அப்புறம் வெளிய இருக்குற டிரைனேஜ் சேம்பர் மூடி மட்டம் எல்லாத்தையும் ஒரே கோட்டுல இருந்து அளந்து ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க. 2023 தண்ணிக் கறை சுவத்துல இன்னும் இருந்தா அதையும் குறிங்க, பெயிண்ட் அடிச்சிருந்தா கரண்ட் மீட்டர் பெட்டி பின்னாடி, கேட் தூண் உள்பக்கம்னு எங்கயாவது கண்டிப்பா இருக்கும். இத பண்ணுனா பாதி குழப்பம் தீந்துடும். நிறைய பேர் வாசலுக்கு ஒரு அடி மூட்டை அடுக்கிட்டு பாத்ரூம் தரை ஹால விட ஒரு இன்ச் கீழ இருக்குறத மறந்துடுவாங்க.

அடுத்து டாய்லெட். வேளச்சேரி மடிப்பாக்கம் மாதிரி இடத்துல நிறைய வீட்டுக்கு தண்ணி முதல்ல வாசல் வழியா வர்றதில்ல, பாத்ரூம் ஃப்ளோர் டிராப், அதான் தரைல தண்ணி வடியிற ஓட்டை, அது வழியா கொப்பளிச்சுட்டு வரும், அதுக்கப்புறம் டாய்லெட் கோப்பை வழியா வரும். தெருவுல பாதாள சாக்கடை நிரம்பிடுச்சுன்னா அந்த மட்டத்துக்கு கீழ இருக்குற ஒவ்வொரு ஓட்டையும் உங்க வீட்டுக்கு ஒரு வாசல். வெளிய எத்தனை மூட்டை அடுக்குனாலும் இத அடைக்கலன்னா வேஸ்ட், அதுவும் வர்றது சாக்கடைத் தண்ணி. நிரந்தரமா பண்ணணும்னா உங்க கடைசி சேம்பர் தெரு லைனோட சேர்ற இடத்துல ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போடச் சொல்லுங்க, வெளிய போற தண்ணிய விடும், திரும்பி வந்தா தட்டு மூடிக்கும். வருஷா வருஷம் செப்டம்பர்ல ஒரு தடவை திறந்து கழுவணும், முடி, துணி, நாப்கின் ஏதாவது தட்டுல மாட்டியிருந்தா மூடாது. தற்காலிகத்துக்கு ஹார்டுவேர் கடைல பைப் டெஸ்ட் பண்ற ரப்பர் அடைப்பான் இருக்கு, பைப்புக்குள்ள விட்டு நட்ட திருகினா ரப்பர் விரிஞ்சு இறுகிக்கும். அதுவும் கிடைக்கலன்னா துணிய சுருட்டி பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஓட்டைல அமுக்கி அதுக்கு மேல ஒரு மணல் மூட்டைய வைங்க. பயப்படாதீங்க, 4 இன்ச் பைப்ல 2 அடி தண்ணி தள்ளுற அழுத்தம் சுமார் 5 கிலோதான், ஒரு மூட்டை தாராளமா தாங்கும். வீட்டுக்குன்னு பத்து மூட்டைதான் இருக்குன்னா அதுல முதல் மூணு மூட்டை பாத்ரூமுக்குப் போகட்டும்.

இதுல பலபேர் கோட்டை விடுற இடம் மாடி வீடு. மேல இருக்குறவங்க கழிவுத் தண்ணியும் உங்க கீழ் வீட்டு லைன்ல வந்துதான் வெளிய போகும். வால்வு மூடியிருக்குற நேரத்துல அவங்க ஃப்ளஷ் பண்ணுனாலோ வாஷிங் மெஷின் ஓட்டுனாலோ அந்தத் தண்ணிக்கு போக வழி இல்ல, உங்க பாத்ரூம்லதான் வந்து நிக்கும், தெரு வெள்ளமே வராம சொந்த வீட்டு வெள்ளத்துல நனைவீங்க. அதனால மழைக்கு முன்னாடியே வாடகைக்கு இருக்குறவங்களக் கூப்பிட்டு உக்காத்தி வெச்சு பேசிடுங்க. முடிஞ்சா மாடி லைன தனியா ஒரு சேம்பருக்கு கொண்டு போயி வால்வுக்கு அந்தப் பக்கம் சேக்க முடியுமான்னு பிளம்பர்கிட்ட கேளுங்க, சில வீட்ல முடியும், சில வீட்ல இடமே இருக்காது.

சரி இப்ப மூட்டைக்கு வரேன். சாக்குக்கு காலி சிமெண்ட் பை, அரிசிப் பை, உரப் பை எதுவா இருந்தாலும் ஓகே, சணல் சாக்கு ரெண்டு வாரம் ஈரத்துல கிடந்தா மக்க ஆரம்பிச்சுடும். 50 கிலோ சிமெண்ட் பைல பாதி வரைக்கும்தான் மணல் போடணும், அதுவே ஈரமில்லாம 25 கிலோவுக்கு மேல வரும். நிறைய பேர் முழுசா ரொப்பி தலகாணி மாதிரி டைட்டா கட்டிடுறாங்க, அப்படி கட்டுன மூட்டை ஒண்ணு மேல ஒண்ணு உருளைக்கிழங்கு மாதிரி உக்காரும், நடுவுல கை விடுற அளவுக்கு சந்து இருக்கும். பாதி ரொப்பி வாய கட்டாம அப்படியே அடியில மடிச்சு விட்டு வெச்சு கால்ல மிதிச்சீங்கன்னா மூட்டை தட்டையாகி பக்கத்து மூட்டையோட ஒட்டிக்கும். அடுத்த மூட்டை இதோட மடிப்பு மேல ஏறி உக்காரணும், மேல் வரிசை செங்கல் கட்டு மாதிரி ஜாயிண்ட் மாறி மாறி வரணும். ஒவ்வொரு வரிசையும் முடிச்சதும் ஏறி மிதிங்க, இத சோம்பேறித்தனமா விட்டா மொத்தமும் வீண்.

எம்-சாண்ட் போதும், ஆத்து மணல்தான் வேணும்னு அலையாதீங்க, கட்டட வேலை மிச்சம் இருந்தாலும் சரி. ஜல்லி கலந்ததா இருக்கக் கூடாது, அது வடிகட்டி மாதிரி தண்ணிய விடும். வெறும் களிமண்ண மூட்டைல போட்டா கட்டி கட்டியா நிக்கும், படியாது, ஆனா மூட்டைக்கு அடியிலயும் சுவரோரமும் பூசுறதுக்கு களிமண்ண விட நல்லது எதுவும் கிடையாது, நம்ம ஊர்ல வாய்க்கால் மடை அடைக்கிறவங்களுக்கு இது புதுசா சொல்ல வேண்டாம், உங்க ஏரியால தோண்டுனாலே அந்தக் கருப்பு மண்ணு வரும்.

எத்தனை மூட்டைன்னு ஒரு கணக்கு. ஒரு அடி உயரத்துக்கு நிக்கணும்னா அடியில மூணு வரிசை, அதுக்கு மேல ரெண்டு, அதுக்கு மேல ஒண்ணு, சும்மா ஒத்தச் சுவரா மேல மேல அடுக்குனா தண்ணி தள்ளி விட்டுடும், பொதுவா உயரத்த மாதிரி மூணு மடங்கு அடி அகலம் வேணும்னு சொல்வாங்க. ரெண்டு பக்கமும் சுவத்தோட ஒட்டுற அளவுக்கு சேத்தா மூணரை அடி வாசலுக்கு ஒரு 18 மூட்டை, 10 அடி கார் கேட்டுக்கு 40-க்கு மேல. 40 மூட்டைன்னா ஒரு டன் மணல், கால் யூனிட். இங்கிலாந்து சுற்றுச்சூழல் ஏஜென்சி கணக்குப்படி மூட்டை ரொப்ப ரெண்டு ஆள் வேணும், ஒரு மணி நேரத்துக்கு 12 மூட்டைதான் ஆகும். அது அவங்க ஊரு சின்ன மூட்டை. அப்போ ரெட் அலர்ட் வந்தப்புறம் அக்டோபர் ராத்திரில கொட்டுற மழைல நீங்களும் உங்க பையனும் 40 மூட்டை ரொப்பப் போறீங்களா, மணல் லாரிதான் அன்னிக்கு வருமா? செப்டம்பர்லயே ரொப்பி வெச்சுடணும். வெயில்ல போட்டா பிளாஸ்டிக் சாக்கு ஒரு சீசன்லயே உதிர்ந்துடும், நிழல்ல பலகை மேல அடுக்கி தார்ப்பாய் போட்டு மூடுங்க. எடுக்கும்போது கைய விடாம முதல்ல ஒரு குச்சியால தட்டுங்க, மழைக்கு பாம்பும் தேளும் ஒண்டுறதுக்கு மூட்டைச் சந்து மாதிரி இடம் அதுங்களுக்கு கிடைக்காது.

மூட்டைய விட முக்கியமானது அதுக்கு முன்னாடி போடுற ஷீட். சில்பாலின் தார்ப்பாயோ தடிமனான பாலிதீன் ஷீட்டோ, தண்ணி வர்ற பக்கம் தரையில நாலு அடி விரிச்சு, முதல் வரிசை மூட்டைக்கு அடியில சொருகி, மேல தூக்கி உச்சி வரைக்கும் போர்த்தி, மேலயும் தரை ஓரத்துலயும் மூட்டை வெச்சு அமுக்கணும். இழுத்துக் கட்டக் கூடாது, தொளதொளன்னு விட்டாத்தான் தண்ணி அழுத்தும்போது மூட்டை மேல போயி ஒட்டிக்கும், இழுத்துக் கட்டுனா கிழியும். விரிக்கிறதுக்கு முன்னாடி தரைய பெருக்கி இலை, கல், பாசி எல்லாம் எடுத்துடுங்க. மண் தரைன்னா ஒரு மூட்டை ஆழத்துக்கு சின்னதா பள்ளம் வெட்டி முதல் வரிசைய அதுல பதிச்சா நகராது.

இவ்ளோ பண்ணியும் கொஞ்சம் கசியும்னு சொன்னேன்ல, அதுக்குத்தான் பம்ப். மூட்டைக்கு உள்பக்கம் தாழ்வான இடத்துல ஒரு குழி, இல்லன்னா ஓட்டை போட்ட பெயிண்ட் வாளிய பதிச்சு அதுல சேத்துத் தண்ணி இழுக்குற சின்ன சப்மெர்சிபிள் பம்ப இறக்கி வெளிய விடணும், அர ஹெச்பி போதும். பிரச்சனை என்னன்னா தண்ணி ஏறுனதும் ஈபில பாதுகாப்புக்காக லைன கட் பண்ணிடுவாங்க, பண்ணுறதுதான் சரி, அப்போ பம்ப் எதுல ஓடும்? மொட்டை மாடில திறந்த வெளில ஒரு சின்ன ஜெனரேட்டர், இல்ல பெட்ரோல்ல ஓடுற பம்ப். தெருவுல நாலு வீடு சேந்து ஒண்ணு வாங்குனா கட்டுப்படி ஆகும். ஜெனரேட்டரையோ பெட்ரோல் பம்பையோ வீட்டுக்குள்ள, மூடுன கார் ஷெட்டுல, ஜன்னலோரம் ஓட்டவே கூடாது, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூங்குறவங்க எழுந்திருக்க மாட்டாங்க. பம்ப் இல்லாத மணல் மூட்டைக்கு மூணு நாள் வெள்ளத்துல அர்த்தமே இல்ல, இத அழுத்திச் சொல்றேன்.

உங்க வீட்டுக்கு என்ன போடலாம்னு என்னைக் கேட்டா வாசலுக்கும் கேட்டுக்கும் சொருகு பலகைதான் சொல்வேன். பழைய கடைத்தெருவுல மளிகைக் கடைக்கு நம்பர் போட்ட பலகைகள ஒவ்வொண்ணா காடியில சொருகி கடை அடைப்பாங்க பாருங்க, அதே ஐடியாதான், படுக்க வசத்துல. ரெண்டு பக்கமும் அலுமினிய சி சேனல் ஆங்கர் போல்ட் போட்டு அடிச்சு, சேனலுக்குள்ள ரப்பர் காஸ்கெட் ஒட்டி, 19 எம்எம் வாட்டர்ப்ரூஃப் பிளைவுட்டோ அலுமினியப் பலகையோ மேலருந்து இறக்கணும், கடைசில ஒரு ஸ்க்ரூவால கீழ அமுக்கணும். அடியில தரை சமமா இருக்குறதுதான் உயிர், ஒரு கிரானைட் பட்டி பதிச்சு ரசமட்டம் பாத்துக்குங்க, டைல்ஸ் ஜாயிண்ட் மேல வெச்சா அந்த ஜாயிண்ட் வழியாவே ஒழுகும். நாலு அடிக்கு மேல அகலம்னா நடுவுல கழட்டி மாட்டுற மாதிரி ஒரு போஸ்ட் வேணும், இல்லன்னா பலகை வளையும். வெல்டிங் கடையும் அலுமினிய ஃபேப்ரிகேஷன் கடையும் சேந்தா இத உள்ளூர்லயே பண்ணிடலாம், ரெடிமேடா வர்ற ஃப்ளட் கேட்டும் இதே வேலைதான், விலை ஜாஸ்தி, ஃபினிஷிங் நல்லா இருக்கும். ரெண்டு பேர் பத்து நிமிஷத்துல மாட்டிடலாம், வருஷா வருஷம் அதே பலகை, வயசானவங்க இருக்குற வீட்டுக்கு 25 கிலோ மூட்டை தூக்குறத விட இதான் நடக்குற காரியம். மாட்டுனதுக்கப்புறம் வெளிப்பக்கம் தார்ப்பாயும் அடியில ஒரு வரிசை மூட்டையும் வெச்சா கசிவு ரொம்பக் கம்மி. வெயில் காலத்துலயே ஒரு தடவை மாட்டி ஹோஸ் பைப்ல தண்ணி அடிச்சு டெஸ்ட் பண்ணிடுங்க.

வாசல்ல செங்கல் ரெண்டு வரிசை வெச்சு பூசிடுறவங்களும் உண்டு, சீப்பா முடியும், தாண்டிப் போறதுக்குள்ள பாட்டிங்களுக்கு இடுப்பு போயிடும். அத விட கேட் கிட்டயே உள்பக்கம் ரேம்ப் மாதிரி தரைய ஒரு அடி ஏத்தி இறக்கிடுறது பரவால்ல, கார் ஏறி இறங்கும், சின்ன மழைக்கு தெருத் தண்ணி உள்ள வராது.

ஜெல் பை பத்தி கேட்டீங்க. உள்ள இருக்குறது குழந்தைங்க டயாப்பர்ல இருக்குற அதே பவுடர், காஞ்ச பை அரைக் கிலோ கூட இருக்காது, தண்ணில போட்டா சில நிமிஷத்துல ஊதி மூட்டை சைஸுக்கு வரும். அபார்ட்மெண்ட்ல மணல் வெக்க இடம் இல்லாதவங்களுக்கு வசதி, பாத்ரூம் ஓட்டை மேல வெக்கவும் நல்லது. ஆனா ஊதுன பைக்குள்ள இருக்குறது பெரும்பாலும் தண்ணிதானே, தண்ணிக்குள்ள முங்குனா அதுக்கு எடையே இல்லாத மாதிரி ஆகிடும், மணல் அப்படி இல்ல, முங்குனாலும் பாதி எடை மிச்சம் நிக்கும். அதனால ஜெல் பைய நாலஞ்சு இன்ச் தண்ணிக்கு மேல நம்பாதீங்க, மேல ஏதாவது கனம் வைங்க. உப்புத் தண்ணில சரியா ஊதாது, எண்ணூர், காசிமேடு, ஈசிஆர் கழிமுகம் பக்கம் இருக்குறவங்க வாங்காதீங்க.

காசே இல்லாம ஜெல் பை வேலைய செய்யிற ஒண்ணு இருக்கு, ஜப்பான்ல முனிசிபாலிட்டிங்களே மக்களுக்கு சொல்லித் தர்ற முறை. பெரிய குப்பைக் கவர் ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு, பாதி வரைக்கும் குழாய்த் தண்ணி புடிச்சு காத்து இல்லாம முடிச்சுப் போடணும், 20 கிலோ மூட்டை ரெடி. அத அட்டைப் பெட்டிக்குள்ள வெச்சு பெட்டிங்கள வரிசையா வாசல்ல சேத்து வெச்சு மொத்தத்தையும் தார்ப்பாய்ல சுத்திடணும். அதையே டாய்லெட் கோப்பைக்குள்ளயும் ஃப்ளோர் டிராப் மேலயும் வெக்கலாம். அரை அடிக்கு உள்ள வர்ற தண்ணிக்குத்தான் இது. மணல் கிடைக்காத கடைசி நேரத்துல இத ஞாபகம் வெச்சுக்குங்க. தண்ணி ரொப்புற பெரிய ட்யூப் தடுப்புங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷனுக்குத்தான் சரி வரும், ரெண்டு ட்யூப் சேத்துக் கட்டுனதா பாத்து வாங்கணும், ஒத்த ட்யூப் உருண்டுடும்.

எது போட்டாலும் ரெண்டு அடிக்கு மேல தண்ணியோட மல்லுக்கட்டாதீங்க. தண்ணி உயரம் ரெண்டு மடங்கானா தள்ளுற பாரம் நாலு மடங்காகும். 10 அடி கேட்டுல ஒரு அடி தண்ணி சுமார் 140 கிலோ தள்ளும், ரெண்டு அடின்னா 570, மூணு அடின்னா ஒண்ணேகால் டன். நாலரை இன்ச் காம்பவுண்டு சுவர் அதுக்காகக் கட்டுனது கிடையாது, ஒரு பக்கம் தண்ணி நின்னு இன்னொரு பக்கம் காலியா இருந்தா ஒரேயடியா சாயும், அப்போ வர்ற தண்ணி மெதுவா ஏறுற தண்ணி இல்ல, பக்கத்துல நின்னா ஆள அடிச்சுடும். இங்கிலாந்து வழிகாட்டுதல்லயும் 60 சென்டிமீட்டர்தான் எல்லைன்னு சொல்றாங்க, அதுக்கு மேல போனா உள்ள விட்டுடுங்க, ரெண்டு பக்கமும் சமமானா சுவராவது நிக்கும். உங்க 2023 மட்டம் ஹால்ல முழங்காலுக்கு கீழன்னா உள்ள ஒன்றரை அடிக்குள்ளதான், அதனால வீட்டு வாசல்லயே தடுக்குறதுல நியாயம் இருக்கு, ஆனா கேட் கிட்ட தரை தாழ்வா இருந்தா அங்க மட்டம் ரெண்டு அடிய தாண்டும், அதுக்குத்தான் டியூப் லெவல் அளவு கேட்டேன்.

2015 டிசம்பர் 1 மாதிரி ராத்திரி வந்தா இந்த எதுவுமே கணக்குல வராது. தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்துல இருந்து 29,000 கன அடிக்கு மேல திறந்து விட்டாங்க, முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் அடையாறு ஏறுன வேகத்துக்கு மூட்டை இல்ல, எந்தத் தடுப்பும் நிக்காது. ஆத்துக் கரையோரம் இருந்தா ஏரி திறப்பு நியூஸ் வந்ததும் மாடிக்கோ சொந்தக்காரங்க வீட்டுக்கோ கிளம்புறதுதான் வேலை. மாநகராட்சி 1913, மாவட்டம் 1077, மாநிலம் 1070, போன்ல சேவ் பண்ணி வைங்க. 2024 அக்டோபர்ல வேளச்சேரிக்காரங்க மழைக்கு முன்னாடியே கார எல்லாம் மேம்பாலத்துல நிறுத்துனத பாத்து நிறைய பேர் சிரிச்சாங்க, எனக்கு அதுல சிரிக்க ஒண்ணும் தெரியல.

கரண்ட். தண்ணி வாசப்படி தொடுறதுக்கு முன்னாடியே மெயின ஆஃப் பண்ணிடுங்க, தண்ணில நின்னுகிட்டு சுவிட்ச் தொடாதீங்க. ஈபி கட் ஆனாலும் இன்வெர்ட்டர் லைன்ல கரண்ட் ஓடிக்கிட்டுதான் இருக்கும், இத நிறைய பேர் மறந்துடுறாங்க, பேட்டரிய ஸ்டூல் மேலயோ மாடிக்கோ ஏத்திடுங்க. தரைல இருந்து ஒரு அடில இருக்குற பிளக் பாயிண்ட்ட எல்லாம் எலக்ட்ரீஷியன வெச்சு மேல ஏத்தி தரைத்தளத்துக்கு தனி ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற பிரேக்கர், போடுறது மூட்டை செலவ விட உருப்படியான செலவு.

சம்ப், அதான் தரைக்கு அடியில இருக்குற தண்ணித் தொட்டி, அத காலியா விடாதீங்க, நிலத்தடி நீர் ஏறும்போது காலி சம்ப் மேல தூக்கிக்கிட்டு விரிசல் விடும். ரொப்பி மூடியச் சுத்தி சிலிக்கான் வெச்சு அடைச்சுடுங்க, குடிக்க சமைக்க மேல் டேங்க்ல புடிச்சுக்குங்க. காலி கேஸ் சிலிண்டர் மிதக்கும், கட்டி வைங்க. இன்னொண்ணு, தெருவுல மேன்ஹோல் மூடிய திறந்து விட்டா தண்ணி வடியும்னு யாராவது கிளம்புவாங்க, விடாதீங்க, முங்குன தெருவுல திறந்த மேன்ஹோல் கண்ணுக்குத் தெரியாது.

டைல்ஸ் ஜாயிண்ட் வழியா கீழருந்து ஊறுதுன்னா அது வேற கேஸ், மூட்டையும் பலகையும் ஒண்ணும் பண்ண முடியாது, பம்ப் மட்டும்தான். அந்த மாதிரி வீடுங்களுக்குத்தான் ஜாக்கி வெச்சு மொத்தமா மூணு நாலு அடி தூக்குறாங்க, மடிப்பாக்கம் பக்கம் நீங்களே பாத்திருப்பீங்க. சுவர், அஸ்திவாரம் நல்லா இருக்கான்னு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பாத்து சொல்லாம அதுல இறங்காதீங்க. வீடு பள்ளமாகுறதுக்கு பாதிக் காரணம் ரோடு மேல ரோடு போட்டதுதான், 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு உத்தரவு போட்டாரு, உங்க தெருவுல ரோடு போட வந்தா நின்னு கேளுங்க.

உங்க கேஸுக்கு காசு போகவேண்டிய வரிசை: முதல்ல பாத்ரூம் வால்வும் அடைப்பானும், அடுத்து பம்பும் அத ஓட்ட ஜெனரேட்டரும், அதுக்கப்புறம் வீட்டு வாசல் ரெண்டுக்கும் ரெண்டு அடி சொருகு பலகை, மிச்சத்துக்கு 20 மூட்டையும் நல்ல தார்ப்பாய் ஒண்ணும். காம்பவுண்டு கேட்டுக்கு இந்த வருஷம் எதுவும் போடாம விட்டுடலாம். உங்க தண்ணி பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்புமான்னு ஒரு தடவை பாத்துக்குங்க, அவங்களோட பேசி சேந்து பண்ணுனா பம்ப் செலவும் பாதியாகும். பலகைக்கு ஜூலைலயே ஆர்டர் குடுத்துடுங்க, அக்டோபர்ல ஃபேப்ரிகேஷன் கடைக்காரரு போனே எடுக்க மாட்டாரு. வெள்ளத்துல நனைஞ்ச மூட்டை மணல்ல சாக்கடை கலந்திருக்கும், அத புள்ளைங்க விளையாட கொட்டாதீங்க, செடிக்கும் போடாதீங்க, கையுறை போட்டு எடுத்து பள்ளம் நிரப்புற இடத்துக்கு அனுப்பிடுங்க, அடுத்த வருஷத்துக்கு புது மணல் ரொப்பிக்கலாம்.